மரை பிடிக்காத எலும்பு

ஆச்சியின் எக்ஸ்ரேவை வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டு டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். முதுகில் பன்னிரண்டாவது முள்ளெலும்பு நொறுங்கி ஆப்பு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேலே இரண்டு எலும்பிலும் கீழே இரண்டு எலும்பிலும் பக்கத்துக்கு ஒன்றாக ஸ்க்ரூ போட்டு, இருபுறமும் ராடு வைத்து முடுக்க வேண்டும். மொத்தம் எட்டு ஸ்க்ரூ. அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் செலவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்பாதான் கேட்டார்.

"எலும்பே உளுத்துப் போச்சுன்னு நீங்கதான சார் சொல்லுதிய. உளுத்த மரத்துல ஸ்க்ரூ எப்படி நிக்கும்?"

அப்பாவுக்குத் தச்சு வேலை. நாற்பது வருஷமாக நிலை, கதவு, கட்டில் என்று தேக்கோடும் வேம்போடும் வாழ்ந்தவர். டாக்டர் சிரித்துவிடுவாரோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "அந்த ஒரு கேள்விக்குத்தான் நாங்களும் ரொம்ப வருஷமா பதில் தேடிட்டிருக்கோம்" என்றார். பிறகு அதே படத்தில் இன்னும் இரண்டு எலும்புகளைச் சுட்டிக்காட்டினார். அவையும் முன்பக்கம் லேசாகச் சப்பிப் போயிருந்தன. "இது ரெண்டும் பழசு. தானா ஒட்டியிருக்கு. எப்ப விழுந்தாங்க?"

எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆச்சிக்கும் தெரியவில்லை.

இந்த முறைகூட அவள் விழவில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது முதுகில் 'சடக்' என்றது, அவ்வளவுதான். ஊரில் காட்டிய இடத்தில் "எழுபத்தெட்டு வயசுல முதுகு வலிக்காம என்ன செய்யும்" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கால் மரத்து, எழுந்து நிற்க முடியாமல் போன பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்த இரவில் நான் படிக்க ஆரம்பித்தேன். அப்பாவின் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் தொடங்கினேன். ஆனால் படிக்கப் படிக்க வேறொரு கேள்வி பெரிதாகிக்கொண்டே வந்தது. இந்த ஸ்க்ரூவை முதலில் யாருடைய முதுகுக்காகச் செய்தார்கள்?

1. தொடக் கூடாத நோய்

1862-ல் எகிப்தின் லக்சோர் நகரில் எட்வின் ஸ்மித் என்கிற அமெரிக்கர் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை வாங்கினார். கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட பிரதி அது. 1930-ல் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் அதை மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகுதான் அது ஒரு அறுவை மருத்துவக் கையேடு என்று உலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி 48 நோயாளிகளின் விவரம் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் வைத்தியர் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும். குணப்படுத்தலாம், போராடிப் பார்க்கலாம், அல்லது வைத்தியம் பார்க்கக் கூடாது. கழுத்தெலும்பு விலகி, கைகால் உணர்வற்று, தன்னையறியாமல் சிறுநீர் போகிற ஆளுக்கு மூன்றாவது தீர்ப்பு. முதுகு உடைந்து நரம்பும் போனால் தொடாதே. பல நூறு ஆண்டுகளுக்கு நிலைமை ஏறக்குறைய இதுதான்.

கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில் கூனை நிமிர்த்தும் முறைகள் வருகின்றன. ஆளைப் பலகையில் கிடத்தி இருபுறமும் இழுத்து, கூன்மேல் அழுத்துவது ஒன்று. ஏணியில் தலைகீழாகக் கட்டி உயரத்திலிருந்து 'தொம்'மென்று போடுவது இன்னொன்று. இந்த ஏணி வித்தை கூட்டத்தை வாய்பிளக்க வைக்கத்தான் பயன்படுகிறது என்று அந்த நூலே கண்டிக்கவும் செய்கிறது.

நம் மரபில் கூன் நிமிர்ந்த கதை என்றால் கூன்பாண்டியன் கதைதான் நினைவுக்கு வரும். சம்பந்தரின் பதிகத்தால் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்று பெரியபுராணம் சொல்கிறது. ராஜாவின் கூன் என்பதால் அது ஒரு சம்பவம். கிழவியின் கூனுக்கு அப்படி ஒரு கதையும் கிடையாது. அது நரை மாதிரி, சுருக்கம் மாதிரி ஒரு வயசு அடையாளம். பள்ளி நாடகத்தில் கிழவி வேஷம் கட்டுகிற பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பதே "குனிஞ்சு நட" என்பதுதானே. அந்தக் குனிவுக்குள் ஒன்றிரண்டு எலும்பு முறிவுகள் இருக்கலாம் என்று நமக்குத் தோன்றியதே இல்லை.

2. 1891

நவீனக் கதை தொடங்குகிற வருஷம் என்று 1891-ஐச் சொல்லலாம். அந்த வருஷத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது அமெரிக்காவில். டெக்சாஸ் மாகாணத்தின் கால்வெஸ்டனில் பெர்தோல்ட் ஹாட்ரா என்ற, ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய அறுவை மருத்துவர், கழுத்தெலும்பு முறிந்து விலகிய ஒருவரின் முதுகைத் திறந்தார். முள்ளெலும்புகளின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் முட்களை வெள்ளிக் கம்பியால் சுற்றிக் கட்டினார். வேலிக்காலில் கம்பி சுற்றுகிற மாதிரிதான். முதுகெலும்பை உலோகம் கொண்டு உள்ளேயே நிறுத்தும் முயற்சியின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது ஜெர்மனியில். ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஹெர்மன் கும்மெல் ஒரு விசித்திரமான நோயைப் பற்றிப் பேசினார். முதுகில் சின்ன அடி. கொஞ்ச நாள் வலி, பிறகு சரியாகிவிடும். ஆள் வேலைக்கும் போய்விடுவார். வாரங்களோ மாதங்களோ கழித்து வலி திரும்பி வரும், முதுகு மெல்லக் கூனும். உள்ளே ஏதோ ஒரு முள்ளெலும்பு தாமதமாகச் சரிகிறது என்று அவர் சொன்னார். 1895-ல் அதை விரிவாக எழுதினார். அதே 1895-ன் கடைசியில்தான் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்கிறார். அதாவது எலும்பைக் கண்ணால் பார்க்க வழியே இல்லாத காலத்தில், நோயாளி சொன்ன கதையையும் முதுகின் வளைவையும் மட்டும் வைத்து கும்மெல் அதைப் பிடித்துவிட்டார்.

ஆச்சிக்கு நடந்தது இதுதான். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டிலும் கும்மெல் பெயர் இருந்தது. உடைந்த எலும்பின் உட்பகுதிக்கு ரத்த ஓட்டம் போதாமல், ஒட்டாமலே கிடந்து, நடுவில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. நிற்கும்போது நசுங்கும், படுத்தால் விரியும். ஒவ்வொரு முறை எழும்போதும் அவள் ஏன் பல்லைக் கடித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஹாட்ராவின் கம்பியும் கும்மெலின் நோயாளியும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் அந்த உலோகம் வேறு முதுகுகளைத் தேடிப் போய்விட்டது.

3. இளம் எலும்புகளின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதுகெலும்பு மருத்துவர்களின் பெரிய எதிரி காசநோய். அது எலும்பை அரித்துக் குழந்தைகளைக் கூனாக்கியது. 1911-ல் நியூயார்க்கில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள். எலும்போடு எலும்பை ஒட்டவைத்துவிடு. ரஸ்ஸல் ஹிப்ஸ் முள்ளெலும்புகளின் பின்பகுதியையே பெயர்த்து மடக்கி ஒட்டவைத்தார். ஃபிரெட் ஆல்பீ முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலிருந்து ஒரு பட்டையை அறுத்து எடுத்து, பிளந்த முட்களுக்கு நடுவே பொருத்தினார். அதற்காக மோட்டாரில் ஓடும் ரம்பம்கூடச் செய்துவைத்திருந்தார். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப அவரும் நம்ம ஆளுதான்" என்றார்.

ஒட்டும்வரை அசையாமல் கிடக்க வேண்டுமே. மாதக்கணக்கில் மாவுக்கட்டு, மாதக்கணக்கில் படுக்கை. அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் ஸ்க்ரூ உள்ளே வந்தது. 1940-களில் டான் கிங் முள்ளெலும்புகளின் பின்மூட்டுகளுக்குக் குறுக்கே சிறிய ஸ்க்ரூக்களைப் போட்டார். 1959-ல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ஹெரால்ட் பூஷேர், இன்னும் நீளமான ஸ்க்ரூவைக் காம்புக்குள் செலுத்தியதாக எழுதினார்.

இந்தக் காம்புதான் கதையின் மையம். ஒரு முள்ளெலும்பை இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னால் சுமை தாங்கும் உருளை. பின்னால் தண்டுவடத்தைச் சுற்றிக் காக்கும் வளைவு. இரண்டையும் இணைக்க இருபுறமும் இரண்டு குட்டைக் காம்புகள். ஆங்கிலத்தில் பெடிக்கிள், லத்தீனில் 'சின்னக் கால்' என்று அர்த்தம். பின்னாலிருந்து இந்தக் காம்பின் வழியே ஸ்க்ரூவைச் செலுத்தினால் அது உருளையின் உள்வரை போய்விடும். பின்பக்கம் மட்டும் திறந்து, முன்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். ஆனால் காம்பின் உட்சுவருக்கு ஒட்டி அடுத்தாற்போல் தண்டுவடம். காம்பு சில மில்லிமீட்டர் அகலம்தான். கொஞ்சம் தவறினால் கால் போய்விடும்.

1963-ல் பாரிஸில் ரேமோன் ரவா-கமி துணிந்து அதை ஒரு முறையாகவே ஆக்கினார். காம்பு வழியாக ஸ்க்ரூ, ஸ்க்ரூக்களை இணைக்கத் துளைகள் வரிசையாக உள்ள உலோகப் பட்டை. 1970-ல் அதை வெளியிட்டார். அமெரிக்காவில் அதே காலத்தில் வேறொரு வழி பிரபலமாக இருந்தது. ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்தார். அவரும் முதலில் ஸ்க்ரூவைத்தான் முயன்றார், அது நிலைக்கவில்லை. பிறகு எஃகு ராடும் கொக்கிகளும் செய்தார். 1962-ல் அது வெளியானதும் உலகமெங்கும் பரவியது. 1977-ல் சுவிட்சர்லாந்தில் ஃபிரெட்ரிக் மாகெர்ல், ஸ்க்ரூக்களின் தலையைத் தோலுக்கு வெளியே நீட்டி அங்கே சட்டம் கட்டினார். 1980-களில் அதே நாட்டின் வால்டர் டிக் அந்தச் சட்டத்தைத் தோலுக்கு உள்ளே கொண்டுபோனார். இன்று ஆச்சியின் முதுகில் இருக்கும் பொருளுக்கு இவைதான் முன்னோர்.

இந்த வரிசையில் மேஜைமேல் படுத்திருந்தவர்கள் யார் யார்? காசநோய்க் குழந்தைகள், போலியோக் குழந்தைகள், விபத்தில் அடிபட்டவர்கள். பெரும்பாலும் இளம் எலும்புகள். கெட்டியான மரத்துக்காகச் செய்த ஆணி இது. அதன் அளவும், மரையின் ஆழமும், இவ்வளவு பிடிக்கும் என்ற நம்பிக்கையும் அந்த மரத்தை வைத்து வந்தவை.

4. கோர்ட்டில் ஒரு ஸ்க்ரூ

நடுவில் ஒரு வழக்குக் கதை இருக்கிறது. இதைச் சொல்லாமல் போனால் வரலாறு ரொம்பச் சுத்தமாகிவிடும்.

கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்டெஃபி 1980-களில் ஸ்க்ரூ-பட்டை அமைப்பு ஒன்றை உருவாக்கினார். அதை விற்க ஆக்ரோமெட் என்ற நிறுவனம் வந்தது. முதுகெலும்பில் பயன்படுத்த அமெரிக்க மருந்து நிர்வாகத்திடம் அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. திரும்பவும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பிறகு அமைப்பைப் பிரித்து, பட்டை தனி, ஸ்க்ரூ தனி என்று ஆக்கி, கை கால்களின் நீள எலும்புகளுக்கு என்று விண்ணப்பித்தார்கள். 1986-ல் அனுமதி வந்துவிட்டது. காகிதத்தில் கை கால், மேஜையில் முதுகு. ஒரு வேலைக்கு அனுமதி வாங்கிய கருவியை மருத்துவர் தன் பொறுப்பில் வேறு வேலைக்குப் பயன்படுத்துவது அங்கே சட்டவிரோதம் இல்லை.

1993 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை வெளியே கொண்டுவந்தது. ஸ்க்ரூ உடைந்தவர்கள், வலி தீராதவர்கள் என்று ஆயிரக்கணக்கான வழக்குகள் குவிந்தன. 1996-ல் ஆக்ரோமெட் 10 கோடி டாலர் தந்து சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. 1998-ல் மருந்து நிர்வாகம் இந்த ஸ்க்ரூக்களின் வகைப்பாட்டை மாற்றி, முறிவு உள்ளிட்ட குறிப்பிட்ட முதுகெலும்புப் பிரச்சினைகளுக்கு முறையாக வழிவிட்டது. அனுமதி வாங்கியதில் மோசடி இருந்தது என்று மாகாணச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், முடியாது என்று 2001-ல் தீர்ப்பானது.

அனுமதி வந்த பிறகும், இந்தக் கருவிகளோடு வரும் அச்சடித்த தாள்களில் பலவற்றில் 'யாருக்குப் பயன்படுத்தக் கூடாது' என்றொரு பட்டியல் இருந்தது. கடுமையான ஆஸ்டியோபொரோசிஸ் அந்தப் பட்டியலில் வழக்கமாக இடம்பிடித்தது. அப்பாவின் கேள்வியைக் கம்பெனிகள் முன்பே யோசித்துவைத்திருந்தன. பதிலாக ஒரு எச்சரிக்கை வரியை அச்சடித்துவிட்டு நகர்ந்துவிட்டன.

5. எலும்பின் பக்கம்

ஸ்க்ரூவின் கதை இப்படி ஓடிக்கொண்டிருக்க, எலும்பின் கதை வேறு அறைகளில் நடந்துகொண்டிருந்தது.

ஆஸ்டியோபொரோசிஸ் என்ற சொல்லை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் நோய்க்கூறியல் அறிஞர் ஜான் லோப்ஸ்டைன் உண்டாக்கினார். துளைத்துப்போன எலும்பு என்று பொருள். ரொம்பக் காலம் அது முதுமையின் மறுபெயராகவே கிடந்தது. 1940 வாக்கில் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் தன்னிடம் வந்த நோயாளிகளைக் கூர்ந்து பார்த்தார். முள்ளெலும்பு சரிந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் காரணம் என்று அவர் சொன்னார். வயசு என்று ஒதுக்கிவைத்ததற்கு முதன்முறையாக ஒரு காரணமும், அதனாலேயே ஒரு மருந்துக்கான வாய்ப்பும் வந்தது.

உள்ளே நடப்பது இதுதான். முள்ளெலும்பின் உருளை திடமான கட்டை இல்லை. மெல்லிய ஓட்டுக்குள் பஞ்சு போன்ற வலைப்பின்னல். செங்குத்தான தூண்கள் சுமையைத் தாங்குகின்றன, குறுக்குச் சட்டங்கள் தூண்களைச் சாயாமல் பிடிக்கின்றன. எலும்பு கரையும்போது குறுக்குச் சட்டங்கள் முதலில் அறுபடுகின்றன. சாரம் கட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், குறுக்குக் கம்பை அவிழ்த்துவிட்டால் நெடுக்குக் கம்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வளைந்துவிடும். குடத்தைத் தூக்கியபோது ஆச்சிக்குள் கேட்ட 'சடக்' அதுதான்.

இதை அளக்க 1987 வாக்கில் டெக்சா என்ற ஸ்கேன் வந்தது. 1994-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கோட்டைக் கிழித்தது. இளம் பெண்களின் சராசரியிலிருந்து எலும்பு அடர்த்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் டி-ஸ்கோர் என்ற எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபொரோசிஸ். 1995-ல் அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

1980-களிலும் 90-களிலும் ஆய்வகங்களில் வேறொரு வேலையும் நடந்தது. தானமாக வந்த உடல்களின் முள்ளெலும்பில் ஸ்க்ரூ போட்டு, அதைப் பிடுங்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தார்கள். எலும்பு அடர்த்தி குறையக் குறையப் பிடிமானமும் குறைந்தது. ஸ்க்ரூவின் பிடிமானத்தில் பாதிக்கு மேல் அந்தக் குட்டைக் காம்பிலிருந்தே வருகிறது, உருளைக்குள் இருக்கும் பஞ்செலும்பு தருவது கொஞ்சம்தான் என்பதும் தெரிந்தது. நிஜ உடம்பில் ஸ்க்ரூ நேராகப் பிடுங்கிக்கொண்டு வருவதும் அபூர்வம். ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் அது கொஞ்சம் மேலும் கீழும் அசைகிறது. கார் வைப்பர் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி, சுற்றியிருக்கும் மெல்லிய எலும்பைத் துடைத்துக் குழியாக்குகிறது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய கதவின் கீல் எப்படித் தளரும் என்று அவருக்குத் தெரியும்.

6. தீக்குச்சியும் ஃபெவிகாலும்

கீல் ஸ்க்ரூ தளர்ந்தால் அப்பா என்ன செய்வார்? நான் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒன்று, இன்னும் தடிமனான ஸ்க்ரூ போடுவார். இரண்டு, ஓட்டையில் தீக்குச்சிகளைச் செருகி ஃபெவிகால் விட்டு, பிறகு ஸ்க்ரூவை முடுக்குவார். மூன்று, கீலைக் கொஞ்சம் தள்ளி நல்ல மரமாகப் பார்த்து அடிப்பார். நான்கு, இன்னொரு கீலைக் கூடச் சேர்த்துச் சுமையைப் பங்குபோடுவார்.

மருத்துவர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இந்த நான்கையும்தான்.

தடிமனான, நீளமான ஸ்க்ரூ போட்டார்கள். ஆனால் காம்பின் அகலத்துக்கு ஒரு எல்லை உண்டு, மீறினால் காம்பே பிளக்கும். துளையைச் சிறியதாகப் போட்டு ஸ்க்ரூவை நெருக்கமாக இறக்கிப் பார்த்தார்கள். நல்ல மரத்தைத் தேடிப் போனார்கள். பஞ்செலும்பை விட ஓட்டெலும்பு மெதுவாகக் கரைகிறது என்பதால், அந்த ஓட்டை அதிகம் தொடும்படி ஸ்க்ரூவின் பாதையை மாற்றும் முறை 2009-ல் வெளியானது. காம்பு ஸ்க்ரூ வந்ததும் ஓரங்கட்டப்பட்ட ஹாரிங்டன் காலத்துக் கொக்கிகள், பின்வளைவின் ஓட்டெலும்பைப் பிடிப்பதால் உளுத்த எலும்பில் தாக்குப்பிடிக்கின்றன என்றும் ஆய்வுகள் காட்டின. மேலும் கீழும் கூடுதல் எலும்புகளைச் சேர்த்துச் சுமையைப் பங்குபோட்டார்கள். இளைஞர் ஒருவருக்கு நான்கு ஸ்க்ரூவில் முடியக்கூடிய வேலைக்கு ஆச்சிக்கு எட்டு தேவைப்பட்டது இதனால்தான்.

ஃபெவிகாலின் இடத்தில் வந்தது எலும்பு சிமெண்ட். பெயர்தான் சிமெண்ட், உண்மையில் அது அக்ரிலிக் பிளாஸ்டிக். பொடியையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடங்களில் சூடாகி இறுகும். 1950-களின் கடைசியில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டைப் பதிக்க அதைப் பயன்படுத்தினார். ஸ்க்ரூத் துளையில் அதை அழுத்தி நிரப்பினால் பிடிமானம் இரண்டு மடங்கு வரை கூடும் என்று 1986-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஸ்க்ரூவே இல்லாமல் சிமெண்டை மட்டும் முள்ளெலும்புக்குள் செலுத்தும் வழியும் அந்தக் காலத்தில்தான் பிறந்தது. 1984-ல் பிரான்சின் அமியென் நகரில் கலிபேரும் தெராமோனும், ரத்தக்குழாய்க் கட்டியால் கழுத்தெலும்பு அரிக்கப்பட்ட 54 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி வழியாகச் சிமெண்டைச் செலுத்தினார்கள். வலி குறைந்தது. சீக்கிரமே இந்த வழி ஆஸ்டியோபொரோசிஸ் முறிவுகளுக்கு வந்து உலகமெங்கும் பரவியது. 1998-ல் அமெரிக்காவில் மார்க் ரெய்லி, முதலில் எலும்புக்குள் பலூனை ஊதி இடம் உண்டாக்கிப் பிறகு சிமெண்டை நிரப்பினார். ஹாட்ராவுக்கும் கும்மெலுக்கும் நூறு வருஷம் கழித்து, கடைசியில் கிழவியின் முதுகுக்கென்றே ஒரு வைத்தியம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

2009-ல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்றில் 78 நோயாளிகள், இன்னொன்றில் 131 பேர். பாதிப் பேருக்கு உண்மையான சிமெண்ட், மீதிப் பேருக்கு நடிப்பு. நடிப்பு என்றால் சும்மா இல்லை. மேஜையில் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, அறையில் சிமெண்டின் நெடி வரட்டும் என்று அதன் புட்டியைத் திறந்தும் வைத்தார்கள். பிறகு வலியை அளந்து பார்த்தால் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். இன்றுவரை அந்தச் சண்டை ஓயவில்லை. முறிந்து சில வாரங்களுக்குள் செய்தால் பலன் உண்டு என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது, 2018-ல் இன்னொன்று மறுத்தது. இதிலிருந்து நான் புரிந்துகொண்டது, இந்த முறிவுகளில் பெரும்பாலானவை வலி மாத்திரை, பெல்ட், கொஞ்சம் ஓய்வு, மெல்ல நடமாட்டம் என்று இரண்டு மூன்று மாதத்தில் தாமாக ஆறிவிடுகிறவை. ஸ்க்ரூ என்பது ஆறாதவர்களுக்கு. எலும்பு ஒட்டாமல் ஆடுகிறவர்களுக்கு, நரம்பு நசுங்கிக் கால் மரத்தவர்களுக்கு, கூன் வளர்ந்துகொண்டே போகிறவர்களுக்கு. ஆச்சிக்கு இவை மூன்றுமே இருந்தன.

இப்போது சிமெண்டையும் ஸ்க்ரூவையும் சேர்த்தே செய்கிறார்கள். நடுவில் குழலாகவும் நுனிப்பக்கம் துளைகளோடும் இருக்கும் ஸ்க்ரூ. அதை இறக்கிய பிறகு உள்வழியாக ஒன்றிரண்டு மில்லி சிமெண்டைத் தள்ளினால், அது நுனியைச் சுற்றிப் பரவி இறுகும். பிடிமானம் கூடுகிறது. ஆனால் சிமெண்ட் ரத்தக்குழாயில் கசிந்தால் நுரையீரல் வரை போய் அடைக்கலாம். பின்னால் ஸ்க்ரூவை எடுக்க வேண்டிவந்தால் பெரும்பாடு. இன்னொரு விசித்திரமும் உண்டு. எல்லாம் நன்றாகப் பிடித்து அந்தப் பகுதி இரும்பு மாதிரி ஆகிவிட்டால், அதற்கு அடுத்து மேலே இருக்கும் எலும்பு உடைகிறது. அதுவும் அதே உளுத்த மரம்தானே.

இதனால் கவனம் திரும்ப எலும்பின் பக்கமே போயிருக்கிறது. 2002-ல் அனுமதி பெற்ற டெரிபாராடைட் என்ற மருந்து, கரைவதைத் தடுப்பதற்குப் பதிலாகப் புதிய எலும்பை வளர்க்கிறது. அதைக் கொடுத்தால் ஸ்க்ரூ தளர்வது குறைகிறது என்று ஜப்பானிய ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்க்ரூ போடுவதற்கு முன்பே எலும்பு மருந்தைத் தொடங்குவது இப்போது வழக்கமாகி வருகிறது.

7. கொடிக்கயிறு

ஆச்சிக்கு அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. எட்டு ஸ்க்ரூவில் மேல்கோடி இரண்டுக்கும் கீழ்கோடி இரண்டுக்கும் சிமெண்ட் வைத்தார்கள். அதிகம் இழுபடுவது ஓரங்கள்தானாம். இப்போது வாக்கர் பிடித்து முற்றம் வரை நடக்கிறாள். இடது காலில் மரப்பு முழுசாகப் போகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை எலும்புக்கான மருந்தை டிரிப்பில் ஏற்றுகிறோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது: "நாங்க கதவத்தான் நிறுத்தியிருக்கோம். மரத்துக்கு வைத்தியம் இனிமேதான்."

வந்த மறுநாள் அப்பா புழக்கடையில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். என்ன என்று போய்ப் பார்த்தேன். சுவரில் துணி காயப்போடும் கொடிக்கயிறு கட்டும் கொக்கி இருக்கிறது. அதற்கு மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பழைய ஓட்டைகள். சுண்ணாம்பு அடித்தும் மறையாத ஓட்டைகள்.

"கை எட்டலன்னு சொன்னா. ரெண்டு மட்டம் எறக்கிக் குடுத்தேன்" என்றார் அப்பா. "ஏன் எட்டலன்னு கேக்கல பாத்தியா."

நான் விரலால் அளந்து பார்த்தேன். ஒவ்வொரு இறக்கமும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாது. எக்ஸ்ரேயில் டாக்டர் காட்டிய பழைய முறிவுகளும் இரண்டு. இரண்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. சேலை தரையில் புரளுகிறது என்று மடித்துத் தைக்கக் கொடுத்த வருஷம் எது, மேல் அலமாரிச் சம்படங்களைக் கீழே இறக்கிய வருஷம் எது என்று அம்மா ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தாள். எல்லாமே எங்கள் கண்முன்னால் நடந்தவை. ஆச்சி குறுகிக்கொண்டே போகிறாள் என்று நாங்களே கேலியும் செய்திருக்கிறோம்.

அந்த மாதமே அம்மாவை டெக்சா ஸ்கேனுக்குக் கூட்டிப்போனோம். அவளுக்கு 56 வயது. மைனஸ் 2.7 என்று வந்தது. வலி ஒன்றும் இல்லை, எதுவும் உடையவில்லை. மாத்திரை தொடங்கியாயிற்று.

எங்கள் வீட்டு நடு நிலையில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா பென்சிலால் என் உயரத்தைக் குறித்துவைத்த கோடுகள் இன்னும் இருக்கின்றன. போன பொங்கலன்று காலையில் அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். "நேரா நில்லு" என்று அவள் தலைமேல் மட்டப்பலகையை வைத்து, என் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, தேதி எழுதினார்.